இடது கம்பத்துப் பக்கம்

ஐஸ் தொழிற்சாலையில் வேலை பார்ப்பவனுக்கு ஐஸ் என்று பட்டப்பெயர் வைக்க ஊருக்குப் பெரிய மூளை தேவைப்படவில்லை. ஆனால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டதற்கு வேறொரு காரணமும் உண்டு. ஊர்க் கால்பந்து அணிக்குப் பயிற்சியாளராக இருந்த இத்தனை வருடங்களில் அவன் ஒருநாளும் குரலை உயர்த்தியதில்லை. அணி வரிசையாகக் கோல் வாங்கிவிட்டுத் தலையைத் தொங்கப்போட்டு வந்து நின்றாலும், "சரி, தண்ணி குடிங்க. அப்புறம் பேசுவோம்" என்பான். திட்டு வாங்கிப் பழகியவர்களுக்கு அந்த அமைதிதான் உறைக்கும். "ஐஸண்ணன் ரெண்டு அறை விட்டாக்கூடத் தேவலை" என்று இடது பின்வரிசையில் ஆடுகிற வாத்து சொல்வான். நடக்கும்போது இடுப்பு இப்படியும் அப்படியும் ஆடுவதால் அவன் வாத்து.

விடியும்போதே ஐஸ் வேலைக்குப் போய்விடுவான். நீளமான உப்புநீர்த் தொட்டி. அதற்குள் வரிசை வரிசையாகத் தகரப் பெட்டிகளில் நல்ல தண்ணீர். தண்ணீர் கல்லானதும் சங்கிலியைப் பிடித்து மேலே தூக்கி, சாதாரண நீரில் ஒரு முக்கு முக்கினால், பெட்டியை விட்டுக் கட்டி வழுக்கிக்கொண்டு வரும். அதைக் கொக்கியால் இழுத்து மரச்சறுக்கில் தள்ள வேண்டும். வாசலில் மீன் லாரிகள் ஹாரன் அடித்தபடி நிற்கும். மூக்கில் ஏறும் அம்மோனியா வாடை சட்டையிலும் முடியிலும் ஒட்டிக்கொண்டு வீடு வரைக்கும் வரும். வீட்டுக்கு வந்து சூடான தம்ளரைக் கையில் பிடித்த பிறகுதான் விரல்கள் தன்னுடையவை என்று அவனுக்கு நம்பிக்கை பிறக்கும். சாயங்காலம் மைதானம்.

அணிக்குச் சொந்தம் என்று இருந்ததெல்லாம் பஸ் டிப்போவுக்குப் பின்னால் ஒரு மைதானம், தகரக் கூரை போட்ட ஓர் அறை, நாலைந்து பந்துகள். புல் ஓரங்களில் மட்டும் முளைக்கும். பஸ் கழுவுகிற தண்ணீர் ஒரு மூலையில் வந்து தேங்கி எப்போதும் சேறாகக் கிடக்கும். வெளியூர்க்காரர்கள் அதில் வழுக்கி விழுவார்கள், உள்ளூர்க்காரர்களுக்குப் பழக்கம். "நமக்குப் பன்னிரண்டாவது ஆள் அந்தச் சேறுதான்" என்று ஊரில் ஒரு பேச்சு. டிப்போ மேலாளர்தான் அணியின் தலைவர். ஆடுகிறவர்களில் பாதிப் பேர் டிப்போ ஆட்கள். வட்டார லீக்கில் மூன்றாம் பிரிவு. அதற்குக் கீழே நான்காம் பிரிவு என்று ஒன்று இருந்தது. அங்கே போன அணி திரும்பி வந்ததாகச் சரித்திரம் இல்லை. அங்கே வலை கிழிந்தால் வலையில்லாமலே ஆடுவார்கள். நடுவர் வராவிட்டால் வேடிக்கை பார்க்க வந்தவரே விசில் ஊதுவார்.

கோல்கீப்பர், ஐஸின் அக்கா கணவர். டவுன் பஸ் டிரைவர். நாற்பதைத் தாண்டியும் கம்பங்களுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தார். மச்சான் என்பது ஐஸுக்கு வெறும் உறவுமுறை அல்ல. அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தபோது ஐஸுக்கு மீசை அரும்பவில்லை. புதிதாகக் கல்யாணமான அக்கா அவனைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனாள். ஒரே அறை வீடு. "உன் தம்பி எங்கே படுப்பான்?" என்று மச்சான் கேட்கவில்லை, தானாகவே கட்டிலை நகர்த்தி இடம் பண்ணினார். ஐஸ் தொழிற்சாலையில் சொல்லி வேலை வாங்கிக் கொடுத்ததும் அவர்தான், மைதானத்துக்கு இழுத்துக்கொண்டு வந்ததும் அவர்தான். அந்த வீட்டுச் சோறுதான் தன் உடம்பில் ஓடுகிறது என்று ஐஸுக்குத் தெரியும். யாரும் சொல்லிக் காட்ட வேண்டியதில்லை.

அந்த வருடம் ஆட்டம் தொடங்கியதிலிருந்தே சரியில்லை. கோல் விழுந்துகொண்டே இருந்தது. எல்லாம் இடது கம்பத்துப் பக்கம். ஊர் வாத்துவைப் பிடித்துக்கொண்டது. இடது பக்கம் காவல் அவன்தானே. "வாத்து தண்ணியிலதான் நீந்தும், தரையில என்ன பண்ணும்?" என்று டீக்கடையில் சிரித்தார்கள். ஐஸும் அதை நம்பி அவனை இரண்டு ஆட்டம் வெளியே உட்கார வைத்தான். அவன் இடத்தில் இன்னொருவன் ஆடினான். கோல் அதே பக்கம்தான் விழுந்தது. அதுவும் எப்படி? பிஞ்சுக் குழந்தைகூடக் காலை நீட்டித் தடுத்துவிடும் பந்து. மச்சான் அசையாமல் நின்றார். பந்து வலையில் பட்ட சத்தம் கேட்ட பிறகுதான் அவர் தலை திரும்பியது.

ஐஸ் அதன் பிறகு பந்தைப் பார்க்கவில்லை, மச்சானையே பார்த்தான்.

இரண்டு நாள் கழித்துப் பயிற்சி முடிந்து எல்லோரும் காலணியைக் கழற்றிக்கொண்டிருந்தபோது மச்சானை மட்டும் கோலில் நிற்கச் சொன்னான். எதிரே, மாற்று கோல்கீப்பர் கொக்கு பந்தை உருட்டிக்கொண்டிருந்தான். ஜெராக்ஸ் கடையில் வேலை செய்கிற, ஒல்லியும் உயரமுமான ஆள். ஐஸ் சத்தம் போடாமல் நடந்து மச்சானின் வலது பக்கம் போய், கையிலிருந்த பந்தை மெதுவாகத் தூக்கிப் போட்டான். மச்சானின் கை யோசிக்காமலேயே எழுந்து அதைப் பறித்தது. சுற்றிக்கொண்டு இடது பக்கம் போனான். அதே தூரம். அதே மாதிரி, பூவைப் போடுவது போலப் போட்டான். பந்து நேராகப் போய் மச்சானின் காதில் மோதியது.

மச்சான் துள்ளிவிட்டார். பிறகு சிரித்தார். "என்ன மாப்ள, சொல்லிட்டுப் போட மாட்டியா? பராக்கு பாத்துட்டு இருந்தேன்."

"சும்மா, விளையாட்டுக்கு" என்றான் ஐஸ். சிரிக்க முயன்றான், வரவில்லை.

மறுநாள் வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு மச்சான் ஓட்டுகிற பஸ்ஸில் ஏறினான். டிரைவருக்குப் பின்னால் முதல் இருக்கை. கூட்டம் இருந்ததால் மச்சான் அவனைக் கவனிக்கவில்லை. ஐஸ் அவர் கழுத்தையே பார்த்துக்கொண்டு வந்தான். கண்ணைத் திருப்ப வேண்டிய இடத்திலெல்லாம் அவர் கழுத்தைத் திருப்பினார். ஒவ்வொரு முனையிலும் இடது பக்கம் முழுத் தலையும் போய்ப் போய் வந்தது, கோழி இரை பார்ப்பது மாதிரி. அப்படியே ஓட்டிப் பழகியிருந்தார். சந்தைத் திருப்பத்தில் எதிரே ஒரு லாரி வந்தது. அதைப் பார்த்ததில் இடது பக்கம் திரும்ப மறந்துவிட்டார். அங்கே ஒரு பெண் காய்கறி வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்க்கொண்டிருந்தாள். பஸ் அவளை நோக்கிச் சரிந்தது.

"மச்சான், இடது பக்கம்" என்று ஐஸ் கத்தினான். ஊரே அறிய அவன் குரல் உயர்ந்தது அன்றுதான்.

பஸ் குலுங்கி நின்றது. நின்றவர்கள் ஒருவர் மேல் ஒருவர் சரிந்தார்கள். அந்தப் பெண் வண்டியை விட்டுவிட்டு இடுப்பில் கைவைத்து டிரைவரின் மூன்று தலைமுறையையும் கரித்துக்கொட்டினாள். கண்டக்டர் இறங்கிப் போய்ச் சமாதானம் சொல்லி வந்தான். ஏறும்போது ஐஸை ஒரு பார்வை பார்த்தான். மச்சான் திரும்பவேயில்லை. அவர் பின்கழுத்தில் வேர்வை வழிந்தது.

டிப்போவில் பஸ்ஸை நிறுத்திவிட்டு, பஸ் கழுவுகிற தொட்டிக்குப் பின்னால் நின்று மச்சான் முகத்தைக் கழுவினார். வெகுநேரம் கழுவினார். ஐஸ் பக்கத்தில் நின்றான்.

"எவ்வளவு நாளா மச்சான்?"

"போன வருஷத்துல இருந்து." அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டே பேசினார். "முதல்ல ஓரம் மட்டும் இருட்டா இருந்துச்சு. ஏதோ தூசின்னு நெனச்சேன். இப்ப பாதிக்குப் பாதி திரை விழுந்த மாதிரி."

"டாக்டர்கிட்ட போனீங்களா?"

"போனா எழுதிக் கொடுத்துடுவாங்க மாப்ள. எழுதிக் கொடுத்தா இவங்க இறக்கி விட்டுடுவாங்க. எனக்கு வண்டி ஓட்டறதைத் தவிர என்ன தெரியும்?"

"அக்காவுக்குத் தெரியுமா?"

"தெரியாது. நீயும் சொல்லாத." அவர் துண்டை எடுத்தார். கண்கள் சிவந்திருந்தன, பார்க்க இரண்டும் ஒரே மாதிரிதான் இருந்தன. "பொண்ணு படிப்பு முடியற வரைக்கும் ஓட்டிட்டா போதும்."

"அது வரைக்கும் ரோட்டுல போறவங்க?"

மச்சான் துண்டைப் பிழிந்து தோளில் போட்டார். கடைசியில், "நானே மேலாளர்கிட்ட பேசறேன். பட்டறையில, பண்டகசாலையில ஏதாவது வேலை கேக்கறேன். அடுத்த வாரம். அது வரைக்கும் என்னை கோல்ல இருந்து எடுத்துடாத மாப்ள. எடுத்தா ஏன்னு முதல்ல கேக்கப் போறது அந்த மேலாளர்தான்" என்றார்.

அவர் சொன்னது சரி. அணித் தலைவரும் டிப்போ மேலாளரும் ஒரே ஆள். இத்தனை வருடம் நின்ற கோல்கீப்பரைக் காரணம் சொல்லாமல் மாற்ற முடியாது. சொன்னால் கதை முடிந்தது. ஐஸ் தலையசைத்தான். மெல்லவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை.

அடுத்த வாரம் வந்தது. "மேலாளர் வெளியூர் போயிருக்கார்" என்றார் மச்சான். அதற்கடுத்த வாரம் மேலாளருக்குக் கோபமாக இருந்ததாம். பிறகு ஐஸ் கேட்டால் ஷூ நாடாவைக் கட்டக் குனிந்துகொண்டார். ஞாயிறுதோறும் கோலில் நின்றார். ஐஸ் வாத்துவைத் திரும்பக் கொண்டுவந்து இடது கம்பத்தை ஒட்டியே நிற்க வைத்தான். "முன்னாடி போகாத, அங்கேயே நில்லு" என்றால் வாத்து விழித்தான். "அப்ப எதுக்கண்ணே நான்? ஒரு கல்லை நட்டு வச்சாப் போதாதா?" பத்துப் பேரை வைத்துக்கொண்டு ஆடுவது போலத்தான் ஆயிற்று. தோற்றார்கள். பட்டியலில் கீழே கீழே இறங்கினார்கள். "ஐஸுக்கு மூளையும் உறைஞ்சு போச்சு" என்று ஊர் பேசியது. அதைக் கேட்டு மச்சானும் எதுவும் சொல்லவில்லை.

வீட்டில் மனைவியிடம் மட்டும் சொன்னான். அவள் பிஸ்கட் தொழிற்சாலையில் பொட்டலம் கட்டுகிறவள். எதையும் சுற்றி வளைக்க மாட்டாள். அவன் சொன்னதைத் துணி மடித்துக்கொண்டே கேட்டாள். முடிந்ததும் கடைசித் துணியையும் மடித்து வைத்தாள்.

"உங்க அக்கா இல்லேன்னா நீங்க இல்ல. அதை யோசிங்க" என்றாள். "அந்த பஸ்லதான் நம்ம பொண்ணும் பள்ளிக்கூடம் போறா. அதையும் யோசிங்க."

"ரெண்டையும்தான் யோசிக்கறேன்."

"யோசிச்சுக்கிட்டே இருந்தா ரெண்டும் போயிடும்."

மழைக்காலம் தொடங்கியது. ஒருநாள் காலையில் வேலைக்கு நடுவே வெளியே வந்தபோது பள்ளிக்கூட முனையில் ஐஸ் சைக்கிளை நிறுத்தினான். சாலையின் இடது ஓரமாகப் பிள்ளைகள் குடைகளைச் சாய்த்துப் பிடித்தபடி வரிசையாகப் போய்க்கொண்டிருந்தார்கள். தூரத்தில் மச்சானின் பஸ் வந்தது. கண்ணாடியில் மழை வழிந்தது. துடைப்பான் ஒன்றுதான் ஓடியது, அதுவும் வலது பக்கத்துத் துடைப்பான். பஸ் பிள்ளைகளை ஒட்டிக்கொண்டு போயிற்று. கடைசியாகப் போன ஒரு பிள்ளையின் குடையை உரசியதில் அது சுழன்று சாக்கடையில் விழுந்தது. அந்தப் பிள்ளை ஓடிப்போய்க் குடையை எடுத்தது, உதறியது, சிரித்துக்கொண்டே நடந்தது. அது பக்கத்து வீட்டுப் பிள்ளைகூட அல்ல; யாரோ பெற்றது. ஐஸ் சைக்கிளைத் திருப்பி டிப்போவுக்கு மிதித்தான்.

மேலாளர் அறையில் சுவர் முழுக்க ஆணிகளில் பஸ் சாவிகள் தொங்கின. ஜன்னல் வழியாக மைதானத்தின் சேற்று மூலை தெரிந்தது. மேலாளர் அவன் புதுப் பந்து கேட்க வந்திருப்பதாக நினைத்துக்கொண்டு, "இந்த மாசம் ஒண்ணும் முடியாது ஐஸ்" என்றார்.

ஐஸ் உட்காரவில்லை. சட்டையிலிருந்து மழைத்தண்ணீர் தரையில் சொட்டியது. சொன்னான். நீளமாகச் சொல்லவில்லை.

மேலாளர் கொஞ்ச நேரம் பேனாவை உருட்டினார். "உங்க மச்சானைப் பத்திச் சொல்றோம்னு யோசிச்சுத்தான் சொல்றீங்களா?"

"என் மச்சாங்கறதாலதான் சார் எனக்குத் தெரிஞ்சுது."

"உங்க பேரு வராம பாத்துக்கறேன்" என்றார் மேலாளர். நல்ல மனிதர்தான். மச்சானை மட்டும் கூப்பிட்டால் தெரிந்துவிடும் என்று எல்லா டிரைவர்களுக்கும் கண் பரிசோதனை என்று அறிவித்தார். ஆனால் அன்று பஸ்ஸில் ஐஸ் கத்தியதைக் கேட்டவன் கண்டக்டர். மழையில் நனைந்து ஐஸ் மேலாளர் அறையிலிருந்து வெளியே வந்ததைப் பார்த்தவனும் அந்தக் கண்டக்டர்தான். இரண்டும் இரண்டும் நாலு என்று சொல்ல யாரும் கணக்குப் படித்திருக்க வேண்டியதில்லை.

பரிசோதனையைப் பந்து மாதிரி தட்டிவிட மச்சானால் முடியவில்லை. இடது கண்ணில் அநேகமாகப் பார்வையே இல்லை என்று டாக்டர் சொன்னார். அன்றோடு பஸ்ஸிலிருந்து இறக்கினார்கள். பட்டறையிலும் பண்டகசாலையிலும் இடம் இல்லை. கண் சரியானால் வரச் சொன்னார்கள். சரியாகிற கண் அல்ல அது.

அக்கா ஐஸ் தொழிற்சாலைக்கு அதுவரை வந்ததே இல்லை. மறுநாள் காலையில் வந்தாள். தையல் கடைக்குப் போகிற வழியில் வந்திருந்தாள்; கழுத்தில் அளவு நாடா தொங்கியது. ஈரத்தரையில் வழுக்காமல் இருக்கச் சுவரைப் பிடித்துக்கொண்டு தொட்டி வரைக்கும் வந்து நின்றாள். ஐஸ் கொக்கியைக் கீழே வைத்தான். மற்ற ஆட்கள் தாங்களாகவே நகர்ந்து வாசல் பக்கம் போனார்கள்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேடா" என்றாள்.

"மச்சான்தான் உன்கிட்ட சொல்ல வேண்டாம்னார்."

"அவர் வேண்டாம்னா எனக்குச் சொல்ல மாட்ட. மேலாளருக்குச் சொல்லுவ."

ஐஸ் கொக்கியைக் காலால் ஓரமாகத் தள்ளினான்.

"இத்தனை வருஷத்துல அவர் சக்கரத்துல ஒரு கோழிக்குஞ்சாவது அடிபட்டிருக்கா? சொல்லு."

"இல்லக்கா."

"அப்புறம் என்ன நடந்துச்சுன்னு போய்ச் சொன்ன?"

"ஒண்ணும் நடக்கலக்கா. நடந்துடக் கூடாதுன்னுதான்..."

"நடக்காத ஒண்ணுக்காகவா ஒரு மனுஷனை மூலையில உக்கார வச்ச?"

அவளும் குரலை உயர்த்தவில்லை. அவளுக்கும் அவனைப் போலவே கோபம் உள்ளுக்குள்தான் போகும். ஒரே வயிற்றில் பிறந்தவர்கள். அவள் கண்ணில் தண்ணீர் இல்லை. அது அவனுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

"நேத்து ராத்திரி முழுக்க அவர் ஜன்னல் பக்கத்துலயே உக்காந்திருந்தார். உன்னை ஒரு வார்த்தை திட்டல. நான் திட்டறேன்னு வச்சுக்க. இனிமே என் வாசப்படி மிதிக்காத" என்று சொல்லிவிட்டு, வந்த மாதிரியே சுவரைப் பிடித்துக்கொண்டு போனாள்.

ஐஸ் கொக்கியை எடுத்து அடுத்த கட்டியை இழுத்தான். விபத்து நடந்திருந்தால் ரத்தம் இருந்திருக்கும், பார்த்தவர்கள் இருந்திருப்பார்கள், நீ முன்பே சொல்லியிருக்கலாமே என்று கேட்கவும் ஆள் இருந்திருக்கும். நடக்காமல் போன விபத்துக்கு யார் சாட்சி? தான் யாரைக் காப்பாற்றினோம் என்று அவனுக்கே தெரியாது. ஒருவேளை யாரையும் காப்பாற்றாமலும் இருந்திருக்கலாம். மச்சான் ஓய்வு பெறும் வரை ஒரு கீறலும் விழாமல் ஓட்டியிருக்கலாம். அந்த நினைப்பு அவனை விடவேயில்லை.

மச்சான் இல்லாமல் மிச்ச ஆட்டங்களைக் கொக்கு ஆடினான். மோசமில்லை. இரண்டில் ஜெயித்தார்கள். ஒன்றில் சமன். கடைசி ஆட்டத்தில் சமன் செய்தால் மூன்றாம் பிரிவிலேயே தங்கிவிடலாம் என்ற நிலை வந்தது. ஊரே மைதானத்தில் கூடியது. டிப்போவில் நின்ற பஸ்களின் கூரைமேல்கூட ஆட்கள் ஏறிவிட்டார்கள். கொக்கு அன்று உயிரைக் கொடுத்து ஆடினான். பந்துக்குப் பந்து பாய்ந்தான், முழங்கை தோல் உரிந்து ரத்தம் வந்தது. ஆட்டம் முடியப் போகிற நேரத்தில் வலது கம்பத்துப் பக்கம் உயரமாக ஒரு பந்து வந்தது. வேகம் இல்லாத, காற்றில் மிதந்து வந்த பந்து. கொக்கு ஓரடி முன்னால் வந்துவிட்டான். பந்து அவன் விரலுக்கு மேலே போய்க் குறுக்குக் கம்பத்துக்குக் கீழே நுழைந்தது.

மைதானத்தில் ஒரு சத்தமும் இல்லை. பிறகு பஸ் கூரைமேலிருந்து யாரோ சொன்னது தெளிவாகக் கேட்டது: "நம்ம டிரைவர் நின்னிருந்தா ஒத்தக் கண்ணாலயே பிடிச்சிருப்பார்."

உண்மை. வலது பக்கம், உயரப் பந்து, மச்சானுடைய பந்து. அவர் பிடித்திருப்பார். ஐஸுக்கு அது மற்ற எவரையும்விட நன்றாகத் தெரியும்.

அணி நான்காம் பிரிவுக்கு இறங்கியது. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? "குடும்பத்தையும் கவுத்தான், கிளப்பையும் கவுத்தான்" என்றார்கள். கூட இருந்தே குழி பறித்தவன் என்றார்கள். மச்சான் விட்ட கோல்களை ஊர் மறந்துபோனது. அவர் தடுத்த பந்துகள் மட்டும் வருடத்துக்கு வருடம் பெருகின. மேலாளர் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனார். புதிதாக வந்தவருக்குப் பந்து என்றால் என்னவென்றே தெரியாது. டிப்போ ஆட்கள் ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள். ஐஸ் நிற்கவில்லை. ஏன் என்று மனைவி ஒருமுறை கேட்டாள். "சாயங்காலம் வேற எங்க போறது?" என்றான். முன்பெல்லாம் பயிற்சி முடிந்து அக்கா வீட்டுக்குப் போய் அரைமணி நேரம் உட்கார்ந்துவிட்டு வருவது வழக்கம்.

அக்காவை வழியில் பார்ப்பான். அவள் இப்போது இரண்டு கடைக்குத் தைத்தாள். எதிரே வந்தால் சாலையைக் கடந்து அடுத்த ஓரம் போய்விடுவாள். அவள் மகள் மட்டும் பஸ் நிறுத்தத்தில் "மாமா" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுத் தரையைப் பார்ப்பாள். அந்தப் பெண் படிப்பை முடித்து வெளியூரில் வேலைக்குப் போனதுகூட ஐஸுக்கு மற்றவர்கள் சொல்லித்தான் தெரிந்தது.

மூன்றாவது வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான்காம் பிரிவு ஆட்டம் ஒன்றில், கோலுக்குப் பின்னால் யாரோ நிற்பது தெரிந்தது. மச்சான். இளைத்திருந்தார். கையில் ஒரு குடையை ஊன்றிக்கொண்டு, வலது கம்பத்துக்குப் பின்னால், முகத்தைக் கொஞ்சம் திருப்பி வைத்துக்கொண்டு நின்றார். ஐஸ் ஆட்டத்தை விட்டுவிட்டு ஓரமாகச் சுற்றி நடந்து அவர் பக்கத்தில் போய் நின்றான். எந்தப் பக்கம் நிற்பது என்று ஒரு கணம் தடுமாறி, வலது பக்கமாகவே நின்றான்.

"கொக்கு இன்னும் முன்னாடி வந்துடறான்" என்றார் மச்சான்.

"சொல்லிட்டேன் மச்சான். கேக்க மாட்டேங்கறான்."

கொஞ்ச நேரம் இருவரும் ஆட்டத்தைப் பார்த்தார்கள். எதிரணி ஒரு பந்தை வெளியே அடித்தது. மச்சான் குடையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார்.

"நீ பண்ணது சரிதான் மாப்ள. யாராவது சொல்லியே ஆகணும். எனக்குத் தைரியம் இல்ல." அவர் நிறுத்தினார். "ஆனா அதை நீ சொல்லியிருக்கக் கூடாது."

"வேற யாருக்கும் தெரியாதே மச்சான்."

"அதுதான். வேற யாருக்கும் தெரியாது."

எதிரணி ஒரு கோல் போட்டது. இருவரும் அதைப் பார்க்கவில்லை.

"இப்ப வலதும் மங்குது" என்றார் மச்சான். "புதன்கிழமை பெரிய ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லியிருக்காங்க. அவளுக்கு லீவு கிடைக்காது. தனியா போயிடுவேன்னு சொல்லியிருக்கேன். போக முடியாது."

"நான் வரேன்."

"அவகிட்ட சொல்ல வேண்டாம்னு சொல்ல மாட்டேன்" என்றார் மச்சான். "போதும் அது."

புதன்கிழமை இருவரும் பஸ்ஸில் போனார்கள். ஐஸ் ஜன்னல் ஓரம் அவருக்கு இடம் பிடித்துக் கொடுத்தான். மச்சான் ஜன்னலைப் பார்க்கவில்லை. டிரைவர் கியர் மாற்றுகிற சத்தத்தையே கேட்டுக்கொண்டு வந்தார். ஓரிடத்தில், "கிளட்சைப் போட்டுக் கொல்றான்" என்று முனகினார். ஆஸ்பத்திரியில் நீளமான தாழ்வாரம், சுவரோரமாக பெஞ்சுகள், கண்ணில் மருந்து ஊற்றிக்கொண்டு தலையைச் சாய்த்து உட்கார்ந்த மனிதர்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாததால் அங்கே யாரும் வெட்கப்படவில்லை. சிலர் வாயைத் திறந்து தூங்கினார்கள். பெயர் சொல்லிக் கூப்பிடும் வரை மச்சான் ஐஸின் முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். டாக்டர் சின்னப் பெண். பொறுமையாகச் சொன்னாள். இடது கண் போனது போனதுதான். கண்ணுக்குள் அழுத்தம் ஏறுகிற நோய், வலதையும் பிடித்துக்கொண்டது. சொட்டு மருந்தை விடாமல் போட்டால் இருப்பதைக் காப்பாற்றலாம். "மூணு வருஷத்துக்கு முன்னாடியே மருந்து ஆரம்பிச்சிருக்கணும். அப்பவே பரிசோதனை பண்ணியிருந்தா தெரிஞ்சிருக்குமே?" என்றாள்.

"தெரிஞ்சுது" என்றார் மச்சான். "நான் அதுக்கப்புறம் எந்த டாக்டர்கிட்டயும் போகல."

திரும்பி வந்து இறங்கும்போது வெயில் சாய்ந்திருந்தது. தெருமுனையிலேயே விட்டுவிட்டுப் போய்விடலாம் என்று ஐஸ் நினைத்தான். ஆனால் தெருவில் குழாய்க்காகப் பள்ளம் தோண்டிப் போட்டிருந்தார்கள். அவரைத் தனியே விட மனம் வரவில்லை. கையைப் பிடித்து வாசல் வரைக்கும் கொண்டுபோனான். படியை மிதிக்கவில்லை. கதவு திறந்தது. அக்கா நின்றாள். சீக்கிரம் வந்துவிட்டாள் போலிருக்கிறது. தலைமுடி பாதி நரைத்திருந்ததை இவ்வளவு பக்கத்தில் அவன் அப்போதுதான் பார்த்தான்.

அவள் மச்சானின் கையை வாங்கிக்கொண்டாள். அவரை உள்ளே அனுப்பிவிட்டு, கதவில் கைவைத்தபடி, அவன் முகத்தைப் பார்க்காமல், அவன் கையிலிருந்த மருந்துப் பையைப் பார்த்துக் கேட்டாள்.

"சொட்டு எத்தனை வேளை?"

"காலையில ஒரு தடவை, படுக்கப் போறப்ப ஒரு தடவை. படுத்துக்கிட்டுத்தான் போடணும். போட்டுட்டுக் கொஞ்ச நேரம் கண்ணை மூடிட்டு இருக்கணுமாம்."

"ரெண்டு கண்ணுக்குமா?"

"வலது கண்ணுக்கு மட்டும்."

அக்கா பையை வாங்கிக்கொண்டாள். வேறு எதுவும் கேட்கவில்லை. உள்ளே வா என்று சொல்லவில்லை. கதவு மெதுவாகத்தான் மூடியது, ஆனால் மூடியது.

ஐஸ் பள்ளத்தைச் சுற்றிக்கொண்டு மைதானத்துக்கு நடந்தான். பயிற்சிக்கு ஏழு பேர்தான் வந்திருந்தார்கள். வாத்து தரையில் உட்கார்ந்து கிழிந்த வலையை முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தான்.

"ஏழு பேரை வச்சுக்கிட்டு என்னண்ணே பண்றது? வீட்டுக்குப் போயிடலாமா?"

"செங்கல் வச்சுச் சின்ன கோலா ஆடுவோம்" என்றான் ஐஸ். நாலு செங்கல் தேடி எடுத்துவர அவனே போனான்.